தமிழர் பகுதிப் பழைய மாடிவீடு: முன்பு யார் யார் கையில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முத்திரைத்தாள் கேட்டது:

வணக்கம். புதுச்சேரியில் புல்வாருக்கு (பழைய ஊரைச் சுற்றிய சாலை) உள்ளே, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் ஒரு மாடிவீட்டின் பூர்வீகத்தைத் தேடுகிறோம். தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், பின்கட்டு, கிணறு. மாடியில் வளைவுச் சன்னல்களும் கைப்பிடிச் சுவரும் பிரெஞ்சுப் பாணியில் இருக்கின்றன.

கையில் மூன்று காகிதங்கள்தான்:

1974 கிரயப் பத்திரம், தமிழில். அளவு "அகலம் 30 அடி, நீளம் 96 அடி, ஆக 2880 சதுர அடி".

1938 நோத்தேர் (பிரெஞ்சு ஆட்சியில் பத்திரம் எழுதிச் சான்றளித்தவர்) பத்திரத்தின் நகல், பிரெஞ்சில் 6 பக்கம். அளவு 3 ஆர் 4 சென்டியார்.

இன்னொன்று பழுப்பேறிய தமிழ்க் கைப்பிரதி. தபேலியோன் (பிரெஞ்சு ஆட்சியில் இந்தியர்களுக்குப் பத்திரம் எழுதிய அலுவலர்) முன் எழுதியது. "விரோதி வருஷம் தை மாதம்" என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆங்கில வருஷம் இருந்த மூலை கிழிந்துவிட்டது. "ஓட்டு வீடு, திண்ணை, நடை, முற்றம், கிணறு" என்றும் "30 அடி, 96 அடி" என்றும் இருக்கிறது.

கேட்க வேண்டியவை: அளவு ஏன் ஒத்துப்போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் நிலம் போய்விட்டதா? தமிழ்ப் பத்திரம் எந்த வருஷம்? பின்கட்டு ஓட்டில் 1865 என்று அச்சு இருக்கிறது, அதுதான் வீடு கட்டிய வருஷமா? பிரெஞ்சு கவர்னர் டுப்ளெக்ஸ் காலத்துத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக இருந்தவர்) வீடு என்று தெருவில் சொல்கிறார்கள், பாரதியார் இங்கே குடியிருந்தார் என்றும் சொல்கிறார்கள். இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

---

சர்வேக்கல்:

அளவுக் கேள்விக்கு மட்டும் முதலில் பதில். நிலம் எங்கும் போகவில்லை.

தமிழ்க் கைப்பிரதியில் உள்ள அடி பிரெஞ்சு அடி. அது 32.48 சென்டிமீட்டர். நாம் இன்று பிடிக்கும் அடி 30.48. ஆறு பிரெஞ்சு அடி ஒரு துவாஸ், அதாவது 1.949 மீட்டர். உங்கள் 30 அடி என்பது 5 துவாஸ், 96 அடி என்பது 16 துவாஸ். இரண்டும் முழுத் துவாஸாக வருவதிலிருந்தே அளந்தவர் எந்தக் கோலைப் பிடித்து அளந்தார் என்பது தெரிகிறது. மீட்டரில் 9.745 × 31.18, பெருக்கினால் சுமார் 304 சதுர மீட்டர். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் 1 சதுர மீட்டர். 1938 பத்திரத்தின் 3 ஆர் 4 சென்டியாரும் அதே 304தான். சதுர அடியில் சுமார் 3272.

1974-இல் பத்திரம் எழுதியவர் பழைய தமிழ்ப் பத்திரத்தைப் பார்த்து 30-ஐயும் 96-ஐயும் அப்படியே எடுத்து, இன்றைய அடியாக நினைத்துப் பெருக்கியிருக்கிறார். அதனால்தான் 392 சதுர அடி காணாமல் போனது. புதுச்சேரிப் பத்திரங்களில் இந்தத் தவறு மிகச் சாதாரணம். சுவருக்குச் சுவர் உள்ளளவும் வெளியளவும் நாடாப் பிடித்து அளந்து பாருங்கள். முகப்பு 32 அடிக்கு ஓர் அங்குலம் முன்பின்னாக வந்தால் கணக்கு முடிந்தது.

குழிக் கணக்கில் வந்தாலும் இதே எச்சரிக்கை. புதுச்சேரிக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் குழி என்றால் 144 சதுர அடி என்று கணக்கிடும் ஊர்கள் உண்டு. எந்த ஊர்க் குழி என்று பார்க்காமல் பெருக்கினால் நாலு மடங்கு பிசகும். உங்கள் மனை புதுச்சேரிக் கணக்கில் ஐந்தே முக்கால் குழிக்குக் கொஞ்சம் குறைவு.

சுவரைப் பற்றி இன்னொன்று. 1938 பத்திரத்தில் "மித்துவாயேன்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் என்று பொருள். தமிழர் பகுதியில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதால் ஒரு பக்கச் சுவராவது பெரும்பாலும் பொதுச்சுவராக இருக்கும். அளவை அந்தச் சுவரின் நடுவிலிருந்து எடுத்திருப்பார்கள். உள்ளளவு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டாவுக்கும் செட்டில்மெண்ட் நகலுக்கும் போகும்போது கதாஸ்தர் (பிரெஞ்சுக்கால நில அளவைப் பதிவு) எண், வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். 1938 பத்திரத்தில் கதாஸ்தர் எண் இருக்கும், 1974-இல் இருப்பது புது எண்ணாக இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள உறவு சர்வேத் துறையின் பதிவில்தான் கிடைக்கும். கதவு எண்ணை நம்ப வேண்டாம். அது நகராட்சி அவ்வப்போது மாற்றுவது.

---

தாய்ப்பத்திரம்:

மற்றக் கேள்விகளுக்குப் போகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மனையின் கதை, கட்டடத்தின் கதை, அதில் வாழ்ந்தவர்களின் கதை ஆகிய மூன்றும் தனித்தனி. பத்திரம் சொல்வது மனையின் கதையை. கட்டடம் எப்போது வந்தது என்பதைப் பத்திரத்தில் வரும் வர்ணனையிலிருந்து ஊகிக்கலாம். குடியிருந்தவர்களைப் பற்றிப் பத்திரம் பெரும்பாலும் பேசாது. மூன்றையும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் "துபாஷ் வீடு" மாதிரிப் பேச்சு கிளம்புகிறது.

தேடுவது எப்போதும் பின்னோக்கி. 1974-இலிருந்து 1938, அங்கிருந்து அதற்கு முந்தையது. "துபாஷ் காலத்திலிருந்து தொடங்கி இறங்கி வருவோம்" என்று போனால் வேறு யாருடைய வீட்டுக்கோ போய்ச் சேருவீர்கள்.

1938 நோத்தேர் பத்திரத்தில் முதலில் படிக்க வேண்டியது விலையை அல்ல. "ஒரிழின் தெ ப்ரொப்ரியேத்தே" என்ற தலைப்பைத் தேடுங்கள், சொத்து வந்த வழி. விற்பவருக்கு அது எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று சில சமயம் மூன்று தலைமுறை வரை அந்த ஒரே பத்தியில் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேதி, நோத்தேர் பெயர், "த்ரான்ஸ்கிரி" என்ற சொல்லோடு தொகுதி எண், வரிசை எண் இருக்கும். அது இப்போத்தேக் (அடமானப் பதிவு) அலுவலகத்தில் பத்திரத்தை எடுத்தெழுதிய பதிவேட்டின் எண். அந்த இரண்டு எண்ணும் கிடைத்தால் அடுத்த பத்திரத்துக்கு வழி திறந்தது.

உங்களிடம் உள்ளது "எக்ஸ்பெதிசியோன்", அதாவது நகல். கையெழுத்திட்ட மூலம், "மினூத்", நோத்தேரிடமே தங்கிவிடும். ஒவ்வொரு நோத்தேரும் தேதி வரிசையில் "ரெப்பெர்த்துவார்" என்ற பட்டியல் ஒன்று வைத்திருப்பார். நாள், பத்திரத்தின் வகை, இரு தரப்பார் பெயர், அவ்வளவுதான் அதில் இருக்கும். மூலத்தைக் கேட்பதற்கு முன் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். இருநூறு பத்திரம் புரட்டுவதற்குப் பதில் பத்துப் பக்கம் புரட்டினால் போதும். முதலில் பதிவுத்துறையில் கேட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்காத பழைய பதிவுகளுக்கு லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளை இருக்கிறது. அடையாள அட்டை நகலும், எதைத் தேடுகிறீர்கள், எதற்காக என்று எழுதிய கடிதமும் கொண்டு போங்கள். "எங்கள் வீட்டைப் பற்றி எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. வருஷம், நோத்தேர் பெயர், பத்திர வகை என்று கேட்க வேண்டும்.

1974 பத்திரத்துக்கு வழி வேறு. இந்தியப் பதிவுச் சட்டம் 1960-களின் கடைசியில் புதுச்சேரிக்கு வந்துவிட்டதால் அதற்குப் பிந்தியவை சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றில் வரும். வில்லங்கத்தில் "இல்லை" என்று வந்தால் அந்தக் காலத்துக்கு முன் கைமாற்றமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சங்கிலி எங்கே அறுபடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரிசாக வந்தால் கிரயப் பத்திரமே இருக்காது. அப்பா செத்தார், பிள்ளைகள் அனுபவித்தார்கள், அவ்வளவுதான். அங்கே "ஆக்த் தெ நொத்தோரியேத்தே" என்ற வாரிசு உறுதிப் பத்திரமோ பாகப்பிரிவினையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிறப்பு, இறப்புப் பதிவேடுதான் கதி.

கோர்ட் ஏலத்தில் போயிருந்தால் நோத்தேரிடம் ஒன்றும் இருக்காது. தீர்ப்பு கோர்ட்டின் "கிரெஃப்", அதாவது கோர்ட் எழுத்தர் அலுவலகப் பதிவில் இருக்கும். 1930-களில் கடனுக்கு ஏலம் போன வீடுகள் பல.

மூன்றாவது கொஞ்சம் சூட்சுமமானது. "ரெமெரே" என்ற சொல்லோடு வரும் கிரயம், மீட்டுக்கொள்ளும் உரிமை வைத்து விற்பது. பிரெஞ்சுச் சிவில் சட்டப்படி மீட்கும் கெடு ஐந்து வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. பார்வைக்கு விற்பனை, நடைமுறையில் அடமானம். ஒருவர் மூன்று வருஷம் உரிமையாளராக வந்து, வீடு மறுபடி பழைய குடும்பத்துக்கே திரும்பினால் அது இதுதான். அவரை முன்னாள் உரிமையாளர் வரிசையில் போடும்போது "ரெமெரே" என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

"உய்சுஃப்ருய்" என்று வந்தால் அனுபவ பாத்தியதை மட்டும். விதவைத் தாய்க்கு ஆயுள்வரை அனுபவம், பிள்ளைகளுக்கு வெறும் உடைமை என்று பிரித்திருப்பார்கள். அதே வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு உரிமையாளர்கள் தெரிவதற்குக் காரணம் அது.

பழைய பத்திரங்களில் தகப்பன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருப்பார், வயது வந்த மகன்கள் கையெழுத்து இருக்காது. அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கோர்ட்டுகள் ஏற்ற இந்து வழக்கச் சட்டத்தில் பிள்ளைக்குப் பிறப்பால் பங்கு கிடையாது, தகப்பனே முழு உடைமையாளர். இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே 1963-இல்தான் வந்தது. தமிழ்நாட்டு வழக்கத்தை வைத்து இந்தப் பத்திரங்களைப் படித்தால் இல்லாத சிக்கலெல்லாம் தெரியும்.

---

பேரேடு:

தாய்ப்பத்திரம் சொன்னதோடு பெயர்களைப் பற்றிச் சேர்க்க வேண்டும். சங்கிலி அறுபடுவதில் பாதி, பெயரை அடையாளம் தெரியாததால்தான்.

விரோதி வருஷம் முதலில். அறுபது வருஷச் சுழற்சியில் விரோதி 23-ஆவது. பிரபவ 1747, 1807, 1867, 1927-இல் தொடங்கியது. அதனால் விரோதி 1769-70, 1829-30, 1889-90, 1949-50. தை மாதம் என்பதால் 1770, 1830, 1890, 1950 இவற்றில் ஒன்றின் சனவரி, பிப்ரவரி. 1938 பத்திரத்தில் ஏற்கெனவே மாடிவீடு வந்துவிட்டதா பாருங்கள். வந்திருந்தால், "ஓட்டு வீடு" என்று சொல்லும் 1950 போய்விடும். பிரெஞ்சு அடியில் அளந்திருப்பதால் 1890-உம் நம்பத் தகுந்ததல்ல. பிரான்சில் 1840-இலிருந்து மீட்டர் கட்டாயம், 1890-இல் இங்கேயும் பத்திரங்களில் ஆரும் சென்டியாரும்தான். மிஞ்சுவது 1770, 1830. இவற்றைப் பிரிக்க நான்கெல்லைக்காரர்களின் பெயரைப் பாருங்கள். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு யார் மனை என்று செக்குபந்தி இருக்குமே, அந்த நாலு பெயரில் ஒன்றாவது வேறொரு தேதியுள்ள பத்திரத்தில் கிடைக்கும். தபேலியோன் பெயரும் அதே மாதிரி உதவும். அவர் எழுதிய மற்றப் பத்திரம் ஒன்றில் முழுத் தேதி இருந்தால் போதும்.

எழுத்தைப் படிக்கும்போது: மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ஒகர ஓகாரமும் எகர ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், காலும் ரகரமும் ஒரே வடிவம். "ரர" என்று தெரிவது "ரா" ஆகலாம். எண்கள் தமிழ் எண்களில்: ௨௱௫௰ என்றால் 250. ௧ என்ற ஒன்றைக் ககரமாகப் படித்துவிட வேண்டாம். விலை பணத்தில் இருந்தால் புதுச்சேரிக் கணக்கில் 8 பணம் ஒரு ரூபாய்.

பிரெஞ்சுப் பதிவேட்டில் தமிழ்ப் பெயரைத் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை மறந்துவிடுங்கள். உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டெழுத்து. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் போட்டால் பிரெஞ்சில் அது "ஸ" ஒலி இழந்துவிடும் என்பதால் ராமசாமிக்கு இரட்டை எஸ். முருகன் மாதிரி னகரத்தில் முடியும் பெயரின் கடைசியில் ஓர் இ சேரும். பிள்ளை என்பது பி, ஓ, யூ, எல், எல், இ என்று "பூல்லே" ஆகியிருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை பெயரே பழைய பிரெஞ்சு ஏடுகளில் அப்படித்தான் வரும். ஒரு பெயரை நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

பிறகு மிக முக்கியமான திருப்பம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் மதச் சாதி வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், "ரெனோன்சான்", ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷூ போட்டுக் கோர்ட்டுக்கு வந்ததால் எழுந்த வழக்கால் பேர்பெற்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை அப்படித்தான் லாப்போர்த் ஆனார். 1875-இல் ஒரு பிள்ளை வாங்கிய வீட்டை 1890-இல் பிரெஞ்சுப் பெயருள்ள ஒருவர் விற்றால் வீடு வெள்ளைக்காரர் கைக்குப் போனதாக முடிவுகட்டாதீர்கள். அதே ஆளாக, அல்லது அவர் மகனாக இருக்கலாம். பெயர் மாற்றம் பதிவாகியிருக்கும், பிள்ளைகள் பெயரும் அதிலேயே வரும்.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் இரட்டைப் பிரதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1776-இல் போட்ட அரச ஆணைப்படி காலனிகளின் பதிவேடுகளுக்கு ஒரு பிரதி பிரான்சுக்குப் போக வேண்டும், அதன் பலன் இது. பதிவேட்டுப் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. நோத்தேர் பத்திரங்களின் இரட்டைப் பிரதிகளும் அங்கே உண்டு, ஆனால் அவற்றை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்தியர்களின் பதிவு 1880 ஆணைக்குப் பிறகே ஒழுங்காகத் தொடர்கிறது. அதற்கு முன் கத்தோலிக்கக் குடும்பமென்றால் சம்பாக் கோயில் போன்ற பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கும். இந்துக் குடும்பமென்றால் பத்திரத்தையும் குடும்பத்துக் காகிதத்தையும்தான் நம்ப வேண்டும்.

உரிமையாளர் அரசு உத்தியோகத்தில், வணிகத்தில் இருந்தவரென்றால் பிரெஞ்சிந்தியாவின் ஆண்டு விவரப் புத்தகமான "அன்னுயேர்", அரசிதழான "ழூர்னால் ஒஃபிசியேல்" இரண்டிலும் பெயர் வரும். பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பல வருஷத்துத் தொகுதிகள் இருக்கின்றன. ரோமன் ரோலான் நூலகத்திலும் கேளுங்கள், 1827-இல் தொடங்கியது. ஏல அறிவிப்பு, வாரிசில்லாச் சொத்து அறிவிப்பு எல்லாம் அரசிதழில்தான் வரும்.

பத்திரத்தில் சைகோனிலிருந்து அனுப்பிய அதிகாரப் பத்திரம், "ப்ரொக்கியுராசியோன்", இணைந்திருந்தால் விடாதீர்கள். இந்தோசீனாவில் வேலை பார்த்த குடும்பங்கள் ஏராளம். அந்த ஒரு தாளில் வாரிசுகள் எல்லோர் பெயரும் ஊரும் தொழிலும் இருக்கும். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து போனவர்கள் பிரான்சிலிருந்து அனுப்பியதும் அப்படியே.

தெருப் பெயரும் மாறியிருக்கும். ரூய் டுப்ளெக்ஸ் இன்று நேரு வீதி, ரூய் தெ கப்புசேன் இன்று ரோமன் ரோலான் வீதி, கூர் ஷப்ரோல் இன்று கடற்கரைச் சாலை. பழைய வரைபடத்தில் தெருவின் இடத்தைப் பிடித்துவிட்டுப் பெயரைத் தேடுங்கள், தலைகீழாக வேண்டாம்.

---

காரைவீடு:

1865 ஓட்டு விஷயம். அது வீட்டின் வயது அல்ல, அந்த ஓடு செய்த வயதும் அல்ல. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் 1865, அதை முத்திரையாகப் பல பத்தாண்டுகள் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஓடு சொல்வது ஒன்றே: 1865-க்கு முன் அது அங்கே ஏறியிருக்க முடியாது. போதாக்குறைக்கு ஓடு இடம் மாறும் பொருள். பழைய வீட்டை இடித்தவர் விற்ற ஓட்டைப் பின்கட்டுக்கு வாங்கிப் போடுவது வழக்கம்.

கட்டடத்தில் நம்பத் தகுந்தது எளிதில் கழற்ற முடியாத பகுதி: சுவர், தளம், உத்தரம். மாடித் தளம் மெட்ராஸ் டெரசா பாருங்கள். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் சிறிய அச்சுக்கல்லைச் சாய்கோணத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பூட்டி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை போட்டு, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். அச்சுக்கல் பெரும்பாலும் 6 அங்குலத்துக்கு 3, கனம் 1 அங்குலம். கீழிருந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே சாய்ந்த வரிகள் தெரியும். ஆனால் இந்த முறை 20-ஆம் நூற்றாண்டிலும் நன்றாக ஓடியது என்பதால் டெரஸ் இருக்கிறது என்பதற்காகப் பழமை சொல்ல முடியாது. கட்டைக்குப் பதில் இரும்பு உத்தரம் இருந்தால் அதன் பக்கவாட்டைச் சுரண்டிப் பாருங்கள். "டோர்மன் லாங்" என்று அச்சு இருந்தால் அந்தக் கம்பெனி 1875-இல் தொடங்கியது, ஆகவே அந்தத் தளம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கோ அதற்குப் பிறகோ சேர்ந்தது.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது கீழ்த்தளமும் மாடியும் ஒரே காலமா என்பதை. மரத்தூண் தாழ்வாரமும் திண்ணையும் உள்ள தமிழ்க் கீழ்த்தளத்தின்மேல் பிரெஞ்சு மாடி ஏறிய வீடுகள் இந்தப் பகுதி முழுக்க உண்டு, வைசியாள் வீதியில் வரிசையாகப் பார்க்கலாம். மாடிச் சுவர் கீழ்ச்சுவரைவிட ஒல்லியா? செங்கல் கனம் மாறுகிறதா? மாடிப்படி முற்றத்தையோ நடையையோ வெட்டிக்கொண்டு, பிற்பாடு புகுத்தியது போல நிற்கிறதா? கீழ்த்தளத்துத் தூண், மாடிச் சன்னலின் அச்சோடு ஒத்துவராமல் இருக்கிறதா? இதில் இரண்டு பொருந்தினால் மாடி பிந்தியது.

இதைப் பத்திரத்தோடு சேர்த்துப் படியுங்கள். தபேலியோன் பத்திரத்தில் ஓட்டு வீடு. 1938-இல் "மெசோன் ஆ எத்தாழ், கூவெர்த் ஆன் தெராஸ்" என்று இருக்கும் என்று நினைக்கிறேன், அதாவது டெரஸ் போட்ட மாடிவீடு. நடுவில் உள்ள பத்திரம் ஒவ்வொன்றிலும் அந்த வரியை மட்டும் எடுத்து எழுதுங்கள். "பய்யோத்" என்றால் கூரைவீடு, "தெர்ரேன் நூய்" என்றால் காலிமனை. எந்த இரண்டு பத்திரத்துக்கு நடுவே வர்ணனை மாறி, விலையும் சேர்ந்து எகிறுகிறதோ அங்கேதான் மாடி எழும்பியது. கட்டியவர் அந்த இடைவெளியில் உரிமையாளராக இருந்தவர்.

சுவரைத் தட்டிப் பார்க்கும் ஆசை வரும். ஒரே இடத்தில், கண்ணில் படாத மூலையில், ஒரு சாண் சதுரம் போதும். மூடும்போது சுண்ணாம்புக் காரையால் மூடுங்கள். சிமென்ட் வைத்தால் சுவரின் ஈரம் அங்கே வெளியேற முடியாமல் பக்கத்தில் உப்பாகப் பூத்து, நல்ல காரையையும் உதிர்த்துவிடும். கடற்கரை ஊரில் அது ஒரே மழைக்காலத்தில் தெரியும்.

---

பேரேடு:

துபாஷ், பாரதியார் இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

டுப்ளெக்ஸ் கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. தலைமைத் துபாஷாகப் பேர்பெற்றவர்கள் 1746-இல் இறந்த கனகராய முதலியாரும், அடுத்து வந்த ஆனந்தரங்கப் பிள்ளையும். பிள்ளையின் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது. ஆனால் துபாஷ் என்பது அந்த இருவர் மட்டுமல்ல, கம்பெனி அதிகாரிகள் பலரும் ஆளுக்கொரு துபாஷ் வைத்திருந்தார்கள். மனை ஒரு துபாஷ் குடும்பத்தின் கையில் இருந்திருக்கலாம். நிற்கும் கட்டடம் அந்தக் காலத்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். 1761 சனவரி 16-இல் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அதற்குப் பிறகு கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் திரும்பக் கிடைத்து, லா தெ லொரிஸ்தோன் காலத்தில் 1765 முதல் மீண்டும் எழும்பியது. தமிழர் பகுதியில் தப்பிய வீடுகள் உண்டு, பிள்ளையின் மாளிகையே சாட்சி. ஆகவே 1761-க்கு முந்தியது என்பதை நடக்காத காரியம் என்று தள்ள முடியாது, ஆனால் அதை நிறுவும் பொறுப்பு சொல்பவருடையது.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார், வாடகை வீடுகளில். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தபோது சங்கரச் செட்டியார் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். குடியிருந்தவர் பெயர் கிரயப் பத்திரத்தில் வராது. அதனால் பத்திரத்தில் இல்லை என்பதை வைத்து அந்தப் பேச்சைப் பொய் என்று சொல்ல முடியாது, வீடு அந்தக் காலத்தது என்பதை வைத்து உண்மை என்றும் சொல்ல முடியாது. கடித உறையின் முகவரி, வாடகை ரசீது, போலீஸ் கண்காணிப்புக் குறிப்பு மாதிரி ஏதாவது வேண்டும்.

---

முத்திரைத்தாள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முகப்பை அளந்தோம், வெளியளவு 32 அடி. 1938 பத்திரத்தில் "ஆ எத்தாழ், கூவெர்த் ஆன் தெராஸ்" அப்படியே இருக்கிறது. சொத்து வந்த வழியில் இரண்டு பத்திரம் காட்டுகிறது: 1911 பாகப்பிரிவினை, 1884 கிரயம். 1884-இல் வாங்கியவர் பெயர் முதலியார் என்று முடிகிறது, 1911-இல் பங்கு பிரித்த அண்ணன் தம்பி மூவருக்கும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர். 1884 பத்திரத்தின் தொகுதி எண் இருக்கிறது. மாடி உத்தரம் இரும்பு, சுரண்டியதில் "டோர்மன்" வரை தெரிகிறது. அடுத்து எதைத் தேடுவது?

---

தாய்ப்பத்திரம்:

நன்றாக வந்திருக்கிறது. 1911 பாகப்பிரிவினையை முதலில் எடுங்கள், 1884-ஐ அப்புறம். கிரயத்தில் ஒரு வீடுதான் இருக்கும். பாகப்பிரிவினையில் குடும்பத்தின் சொத்து முழுவதும், ஒவ்வொன்றின் மதிப்பும், இறந்த தகப்பனின் பெயரும் இறந்த நாளும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். பிரெஞ்சுப் பத்திரத்தில் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதுவார்கள், அது இன்னொரு குடும்பத்துக்கு வழி காட்டும். சில பாகப்பிரிவினைகளில் அறை அறையாக வர்ணனை உண்டு. மாடி 1911-இல் இருந்ததா என்பது அதிலேயே முடிந்துவிடலாம்.

பிறகு முதலியார் ரெனோன்சான் ஆன நாள். 1884-க்கும் 1911-க்கும் நடுவில் அவரோ பிள்ளைகளோ பெயர் எடுத்திருக்க வேண்டும். பேரேடு சொன்ன பதிவேட்டில், 1911 பத்திரத்தில் உள்ள குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் அகப்படும்.

1884 பத்திரத்தில் வர்ணனை வரியையும் செக்குபந்தியையும் பாருங்கள். நாலெல்லையில் ஒரு குடும்பமாவது விரோதி வருஷப் பத்திரத்துக் குடும்பத்தோடு ஒத்தால் 1830 என்பது வலுப்படும். ஒன்றுமே ஒக்கவில்லையென்றால், அந்தத் தமிழ்க் கைப்பிரதி உங்கள் மனையுடையதுதானா என்பதையே முதலில் சரிபார்க்க வேண்டும். அளவு ஒன்றாக இருப்பது மட்டும் போதாது, ஐந்துக்குப் பதினாறு துவாஸ் மனை ஒரே தெருவில் பல இருந்திருக்கலாம்.

---

மஞ்சக்குப்பம்வாசி:

கடலூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு குறிப்பு. கடலூர்ப் பக்கம் வழியே வேறு. நோத்தேரும் தபேலியோனும் கிடையாது. பதிவுச் சட்டம் 1865-இலிருந்து நடப்பில் இருக்கிறது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கம் அவ்வளவு பின்னால் போகாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு கொடுத்துப் பழைய அட்டவணைகளைப் பார்க்க வேண்டும்: முதல் அட்டவணை ஆள் பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. 1865-க்கு முன் என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தென்னாற்காடு கலெக்டர் பதிவுகள். கோட்டையைச் சுற்றிய தேவனாம்பட்டினம் பகுதிகள் 1690-இல் செயின்ட் டேவிட் கோட்டையோடு, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனி வாங்கிய குண்டு கிராமங்களில் அடங்கியவை. அங்கே கம்பெனிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடியும் ஆங்கில அடி.

பாகூர்ப் பக்கம் கடலூர் எல்லையும் புதுச்சேரி எல்லையும் பின்னிக் கிடக்கும். வீடு ஒரு பக்கம், தோப்பு மறுபக்கம் என்று இருந்த குடும்பங்களுக்கு இரண்டு ஊரிலும் தேட வேண்டும்.

---

சர்வேக்கல்:

முத்திரைத்தாள், ஒன்று பாக்கி. 1974 பத்திரத்தில் 2880 என்று இருப்பதை அப்படியே விட்டால் அடுத்த பத்திரத்திலும் அதுவே ஏறும், பிறகு பட்டாவின் அளவோடு மோதும். 1938 நகலையும் இப்போதைய சர்வே நகலையும் வைத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞர் மூலம் பிழைதிருத்தல் பத்திரம் போட முடியுமா என்று பாருங்கள். 1974-இல் எழுதிக்கொடுத்தவரின் வாரிசுகள் கையெழுத்து தேவைப்படலாம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும்போதே செய்துவிடுவது நல்லது.